பேர்மிங்ஹாம் துவக்குப் பேட்டையில் ஒரு முற்பகல்

இங்கிலாந்துக்குப் போய் மீண்டவர்கள் இலண்டனின் பெரிய மணிக்கூட்டையும் அரண்மனைக் காவலரின் செவ்வுடையையும் பற்றியே பெரிதும் எழுதுகிறார்கள். நானும் அவற்றைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் பேர்மிங்ஹாம் நகரின் சிறு தெரு ஒன்றில், ஒடுங்கிய பட்டறையொன்றின் மேசையருகே நின்று கழித்த ஒரு முற்பகலை என்னால் மறக்க இயலவில்லை. அன்று அந்த மேசைமேல் கிடந்தது உள்ளங்கையளவான பழைய றப்பர்த் துண்டு ஒன்று. அதனைக் காப்பதா, கழற்றி வேறொன்று பூட்டுவதா என்பதே அன்றைய வழக்கு. இதற்காகவா ஒரு கட்டுரை என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். சற்றே பொறுத்துக் கேட்பார்களாக.

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் அந்நகரிலுள்ள என் மைத்துனர் இல்லத்தில் தங்கியிருந்தேன். அயல்வீட்டிலே எண்பதைக் கடந்த ஆங்கிலக் கனவான் ஒருவர் வாழ்கிறார். மாலையில் வேலிக்கு அப்பால் நின்று மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். நாட் செல்லச் செல்ல அப்பேச்சு தேநீராக வளர்ந்தது. ஒருநாள் அவர் தம் தந்தையாரின் இரட்டைக்குழல் வேட்டைத் துவக்கைப் பற்றிச் சொன்னார். ஏடுகள் துப்பாக்கி என்று எழுதுவதை எங்கள் ஊர்களில் துவக்கு என்றே சொல்வோம். நானும் அவ்வாறே எழுதுகிறேன்.

தந்தையார் 1940-இல் பிரான்சுப் போர்முனையிலிருந்து தோளில் காயத்தோடு திரும்பியவர். துவக்கின் உதையைத் தாங்கமாட்டாமல், 1947-இல் அதன் பிடங்கிலே ஒரு றப்பர் மெத்தை பூட்டுவித்தார். அந்த மெத்தை இப்போது வெடித்து உதிர்கிறது. கனவானுக்கு இனிச் சுடும் வலு இல்லை. துவக்கைத் தம் மகளுக்குக் கொடுக்க எண்ணியிருந்தார்.

“என் தந்தையாரின் தோள் அழுந்திய றப்பர் அது. புதிதாக மாற்றினால் அவர் அதில் இருக்கமாட்டார். மாற்றாவிட்டால் என் மகள் அதனைத் தோளில் வைக்க முடியாது. நாளை ஒரு கம்மியரிடம் காட்டப் போகிறோம்,” என்றார் அவர்.

“நானும் வரலாமா?” என்று கேட்டேன்.

“நீங்கள் இலங்கையர் அல்லவா? றப்பரின் பிறந்தகத்தார் ஒருவர் உடனிருப்பது நல்லதே,” என்று சிரித்தார்.

எஃகு வீட்டு ஒழுங்கை

மறுநாட் காலை மெல்லிய தூறல். நகரின் நடுவே ஸ்டீல்ஹவுஸ் லேன் என்று ஒரு தெரு. எஃகு வீட்டு ஒழுங்கை என்று நாம் அதனைச் சொல்லலாம்; முற்காலத்தில் எஃகு செய்யும் உலைவீடுகள் இருந்தமையால் அப்பெயர். அதனையும் லவ்டே தெருவையும் சுற்றியுள்ள சிறு வட்டாரந்தான் துவக்குப் பேட்டை. 1841-இல் எழுந்த சென்ற் சாட் பேராலயத்தின் இரட்டைக் கூர்ங்கோபுரங்கள் இன்றும் அதற்கு அடையாளமாக நிற்கின்றன.

18-ஆம், 19-ஆம் நூற்றாண்டுகளில் உலகத்துத் துவக்குகளில் எத்தனையோ இங்கேதான் உருவாயின. ஒரே ஆலையில் அன்று. குழல் செய்பவர் ஒரு வீட்டிலே, விசைப்பொறி அராவுபவர் மற்றொரு வீட்டிலே, மரப் பிடங்கு செதுக்குபவர் வேறொரு வீட்டு மாடியிலே இருந்தனர். பாதி முடிந்த துவக்குகளைச் சிறுவர்கள் தோளில் சுமந்து வீட்டுக்கு வீடு ஓடினர். இவ்வூரின் புகழில் ஒரு கறையும் உண்டு. ஆபிரிக்க மேற்குக் கரையில் மனிதரை விலைக்கு வாங்கியவர்கள் கொடுத்த பண்டங்களுள் பேர்மிங்ஹாம் துவக்கும் ஒன்று. அதனைச் சொல்லாமல் அந்தத் தெருவில் நடப்பது நேர்மையாகாது.

இன்று பேட்டையின் பெரும்பகுதி இல்லை. 1960-களில் நகரத்தைச் சுற்றி அமைத்த பெருஞ்சாலை பல தெருக்களை விழுங்கிவிட்டது. 2011-இல் நகரசபை அந்த வட்டாரத்தின் பெயரையே மாற்றிவிட்டது. ஊரவர் மனுக்கொடுத்துப் பழைய பெயரைப் பின்னர் மீட்டனர். பிறைஸ் தெருவில் செங்கற் கட்டடங்கள் சிலவும், பாத் தெருவில் துவக்குக் கம்மியரின் பெயர் தாங்கிய மதுச்சாலை ஒன்றும், கைத்தொழிலைக் கைவிடாத சிலரும் எஞ்சியுள்ளனர். அச்சிலருள் ஒருவரையே நாங்கள் தேடிச் சென்றோம்.

கம்மியரின் முதற் கேள்வி

அறுபது வயதிருக்கும் அந்தக் கம்மியருக்கு. மரத்தூள் படிந்த முன்றானை அணிந்திருந்தார். பிடங்குக்கு ஏற்ற வால்நட் மரக் கட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. கனவானின் மகள் துவக்கை உறையிலிருந்து எடுத்து, குழலை மடித்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டிய பின்னரே அவர் கைக்குக் கொடுத்தார். அந்நாட்டில் பொலிசாரின் அத்தாட்சிப் பத்திரம் இல்லாமல் இத்தகைய துவக்கை வைத்திருக்க முடியாது. மகள் அப்பத்திரம் பெற்றவர். வானில் எறியப்படும் தட்டுகளைச் சுடும் விளையாட்டில் ஈடுபடுபவர்.

கம்மியர் குழலின் அடியிலுள்ள சிறு முத்திரைகளைக் கண்ணாடியால் பார்த்தார். பேர்மிங்ஹாமில் 1813-இல் பாராளுமன்றச் சட்டத்தினால் நிறுவிய சோதனைச்சாலை ஒன்று பான்பரி தெருவிலே இன்றும் இயங்குகிறது. வழக்கத்திலும் வலிய மருந்திட்டு வெடித்துப் பார்த்து, தாங்கிய குழலுக்கே அங்கு முத்திரை இடுவர். 1921 முதல் ஆண்டைக் குறிக்கும் எழுத்தொன்றையும் சேர்த்துப் பொறிக்கத் தொடங்கினர்.

“1926. இதன் தோட்டா அறை 2½ அங்குலம். 2¾ அங்குலத் தோட்டாவை மறந்தும் இதில் இடாதீர்கள், அம்மா,” என்றார் கம்மியர்.

பின்னர் பிடங்கைத் திருப்பினார். செங்கல் நிறத்தில், ஏறக்குறைய ஓரங்குலத் தடிப்பில் இருந்தது அந்த மெத்தை. நெடுங்காலம் கிடந்த பனங்கட்டிபோல அதன் புறம் இறுகி வெடித்திருந்தது. விரல் பட்ட இடத்திலே துகள் உதிர்ந்தது.

“இந்தத் துவக்கு இனிச் சுடுவதற்கா, சுவரில் வைப்பதற்கா?” இதுவே அவர் கேட்ட முதற் கேள்வி.

“சுடுவதற்கு,” என்றார் மகள். தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை.

“சுவருக்கானால் இப்படியே விட்டுவிடச் சொல்வேன். சுடுவதற்கானால் யோசிக்க வேண்டும்,” என்றார் கம்மியர்.

உதையின் கணக்கு

மெத்தை எதற்கு என்று அறியாத என் போன்றாருக்கு அவர் பொறுமையாக விளக்கினார். 12-ஆம் எண் துவக்கு என்பது, குழலின் வாயளவான ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஓர் இறாத்தலாகும் என்ற பழைய கணக்கு. அத்துவக்கு 6½ இறாத்தல் கனம். அதிலிருந்து ஓர் அவுன்ஸ் ஈயச் சன்னம் வினாடிக்கு ஏறத்தாழ 1,300 அடி வேகத்தில் புறப்படுகிறது. சன்னத்தைப் பார்க்கிலும் துவக்கு நூறு மடங்குக்குச் சிறிது மேல் கனமானது. ஆகவே அது வினாடிக்குப் பன்னிரண்டு அடிக்கு மேற்பட்ட வேகத்தோடு தோளை நோக்கி வருகிறது. றப்பர் அந்த உதையை இல்லாமற் செய்துவிடாது. அதனைச் சற்று நீண்ட நேரத்திலும் சற்று அகன்ற பரப்பிலும் பகிர்ந்து கொடுக்கும், அவ்வளவே.

நல்ல ஆங்கில வேட்டைத் துவக்குகள் பலவற்றில் பிறக்கும்போதே மெத்தை இருப்பதில்லை. பிடங்கின் அடிமரத்திலே குறுக்கு வரிகளை நுணுக்கமாகச் செதுக்கி, சட்டையில் வழுக்காமல் செய்திருப்பர். பின்வந்தவர்களே தோள் வலிக்காகவோ, கை நீளத்துக்குப் பிடங்கு போதாமையாலோ மெத்தை பூட்டினர்.

“இங்கேதான் எங்கள் தொழிலின் பாவம் இருக்கிறது,” என்று சொல்லி, மேசையில் கிடந்த வேறொரு துவக்கை எடுத்துக் காட்டினார்.

அது இதனிலும் பழையது. அதன் உடைமையாளர் ஒருவர், பல்லாண்டுகளுக்கு முன், தடித்த மெத்தை பூட்டுவதற்காகப் பிடங்கில் முக்கால் அங்குலத்தை வாளால் அறுப்பித்திருந்தார். அந்த மெத்தையும் உதிர்ந்துவிட்டது. இப்போது வெறும் பிடங்கு குட்டையாய் நிற்கிறது. செதுக்கு வரிகள் போயின. மரத்தை ஒட்டி நீட்டலாம். ஆனால் ஒட்டிய இடத்தில் மரத்தின் இழையோட்டம் முறிந்து தெரியும்.

“இதற்கு இனிமேல் மெத்தை இல்லாமல் வாழ்வில்லை. இருபது முப்பது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகப் பூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். றப்பர் செத்தால் வேறு றப்பர் வரும், ஐயா. அறுத்த மரம் வராது.”

அந்தத் துவக்குக்குப் பழைய வடிவிலேயே வார்த்த ஒரு புதிய மெத்தையை அவர் பூட்டிக்கொண்டிருந்தார். மெத்தை பிடங்கிலும் சற்றுப் பெரியதாகவே வரும். பிடங்கின் ஓரத்தை அதன்மேல் கூரிய ஊசியாற் கீறிக்கொண்டு, கழற்றி, சுழலும் உரைதாளில் அந்தக் கோடு வரையும் தேய்ப்பார். மெருகிட்ட மரத்தில் உரைதாளின் நுனியும் படக்கூடாது. திருகாணிகளின் தலைகளை இரண்டு வட்ட றப்பர் அடைப்பான்கள் மறைக்கும்.

றப்பர் வந்த வழி

கனவான் மெல்லக் கேட்டார்: “இந்தப் பழைய றப்பருக்கு மறுபடி உயிர் கொடுக்க வழியே இல்லையா? எண்ணெயோ, மெழுகோ?”

கம்மியர் தலையசைத்தார். மரப்பாலுடன் கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அது குளிரில் இறுகாமலும் வெயிலில் இளகாமலும் நிலைக்கும். இதனை 1840-களில் இங்கிலாந்தில் ஹான்கொக்கும் அமெரிக்காவில் குட்இயரும் தனித்தனியே உரிமம் செய்தனர். ஆயினும் காற்றிலுள்ள பிராணவாயுவும் ஓசோனும் நாளடைவில் அதன் நுண்ணிழைகளை அறுக்கின்றன. வெளிச்சம் அதற்கு உதவுகிறது. அறுந்த இழையை எந்த மெழுகும் தொடுக்காது. எண்ணெயோ அதற்குப் பகை: றப்பரை ஊதச் செய்து குழைத்துவிடும். குழலுக்குப் பூசிய எண்ணெய், துவக்கை நிமிர்த்தி வைத்தால், ஆண்டுக்கணக்கில் வழிந்து பிடங்குக்கும் மெத்தைக்கும் இறங்கும். ஆகவே எண்ணெய் பூசியபின் குழல் கீழ்நோக்கச் சில நாள் நிறுத்துவது நன்று. செம்பும் றப்பருக்கு ஆகாது. செம்பு பட்ட றப்பர் விரைவில் கெடும்.

இத்தகைய செந்நிற மெத்தையை ‘சில்வர் மெத்தை’ என்று அவர்கள் அழைக்கிறார்கள். சில்வர் என்பது வெள்ளியன்று. ஒரு வணிகக் குடும்பத்தின் பெயர். அவர்கள் 1852-இல் இலண்டனின் கிழக்கே, தேம்ஸ் நதியின் வடகரையில் றப்பர் ஆலை நிறுவினர். அந்த ஆலையைச் சுற்றி எழுந்த ஊருக்கே இன்றும் சில்வர்டவுன் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்களது உதைதாங்கி மெத்தை வேட்டைக்காரரிடையே பெயர் பெற்றது.

அந்நாளைய றப்பர் பிரேசில் நாட்டுக் காட்டு மரங்களிலிருந்து வந்தது. 1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் அமேசன் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசேர்த்தார். முளைத்தவை சிலவே. அவற்றுள் ஏறக்குறைய 1,900 நாற்றுகள் அவ்வாண்டே இலங்கைக்குக் கப்பலேறி, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் ஊன்றப்பட்டன. கீழ்த்திசை நாடுகளில் றப்பர் பயிர் வேரூன்றிய கதை அங்கேதான் தொடங்கிற்று. 1913 அளவில் தோட்டத்து றப்பர் காட்டு றப்பரை மிஞ்சியது. 1942-இல் மலாயா ஜப்பானியர் கையில் வீழ்ந்தபின், நேச நாடுகளுக்கு இயற்கை றப்பர் கொடுத்தவற்றுள் இலங்கையே முதன்மை பெற்றது. அப்போது மரங்கள் சாகும் வரைக்கும் பால் வெட்டினார்கள்.

இவற்றைக் கேட்டு நின்றபோது என் உள்ளம் கேகாலைக்குப் போய்விட்டது. இளமையில் அங்கே சில ஆண்டு ஆசிரியத் தொழில் செய்தேன். விடியுமுன் தோட்டத்துப் பெண்கள் கத்தியும் வாளியுமாக மலைச்சரிவில் ஏறுவார்கள். என் மாணவன் ஒருவனின் தாயார் புதியவர்களுக்குப் பால்வெட்டப் பழக்குபவர். “பட்டையைச் சீவு, கண்ணு, மரத்தைத் தொடாதே,” என்று அவர் ஓயாது சொல்வார். பட்டைக்கும் மரத்துக்கும் இடையே மெல்லிய வளர்படை ஒன்றுண்டு. அதன்மேல் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் பட்டையை விட்டு வெட்டினால், சீவிய பட்டை சில ஆண்டில் மறுபடி வளரும். கத்தி ஆழ்ந்து மரத்தில் பட்டால் அந்த இடம் முடிச்சிட்டுப் போகும். பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட இயலாது.

பேர்மிங்ஹாமில் உதிரும் அந்தத் துண்டுக்கு 1947-க்கு முன் பால் தந்த மரம் இலங்கையில் நின்றதோ, மலாயாவில் நின்றதோ, யார் சொல்ல வல்லார்? இரண்டிடத்திலும் பால்வெட்டியவர்களுள் தமிழர் மிகப் பலர் என்பது மட்டும் உறுதி. ஒரு போர்வீரனின் நொந்த தோளுக்கு மெத்தையானது யாரோ ஒரு தாயின் அதிகாலை உழைப்பு. அந்த இருவரும் ஒருவரையொருவர் அறியார்.

மெத்தை கழன்றபோது

“கழற்றிப் பார்ப்போமா?” என்றார் கம்மியர்.

கனவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கேள்வி ஒன்றே: 1947-இல் மெத்தை பூட்டிய கைகள் மரத்தை அறுத்தனவா, அறுக்கவில்லையா? அறுத்திருந்தால், மேசைமேல் கிடக்கும் மற்றைத் துவக்கின் கதியே இதற்கும்.

அடைப்பான்கள் இரண்டையும் ஊசிமுனையால் எடுத்தார். திருகாணியின் வெட்டுக்கு அளவாகத் தேய்த்த திருப்புளியை வைத்து, அவசரமின்றித் திருகினார். முதல் ஆணி இளகிற்று. இரண்டாவது இளக நெடுநேரம் ஆயிற்று. மகள் தந்தையின் கையைப் பற்றிக்கொண்டார். மெத்தையின் அடித்தகடு ஒரு சிறு முனகலோடு விலகியது.

அடியிலே மரம் அறுபடாமல் இருந்தது. எண்ணெயும் தூசியும் படிந்து கறுத்திருந்த போதிலும், 1926-இல் செதுக்கிய குறுக்கு வரிகள் ஓரத்துக்கு ஓரம் முழுமையாக இருந்தன. ஆணித் துளைகள் இரண்டே காயம்.

கம்மியர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “இதனைச் செய்தவர் என் தொழிலின் முன்னோர்களுள் யாரோ ஒருவர். உங்கள் தந்தையார் உயரமானவரா, ஐயா?” என்று கேட்டார்.

“ஆறடி இரண்டு அங்குலம்.”

“அதுதான். அவருக்குப் பிடங்கு சற்று நீள வேண்டியிருந்தது. அறுத்திருந்தால் ஓரங்களைச் சமன் செய்வது எளிது. வரி செதுக்கிய மரத்தின்மேல் இப்படிப் பொருத்துவதற்கு இரட்டிப்பு நேரம் பிடித்திருக்கும். வாளை எடுக்காமல் விட்டிருக்கிறார்.”

கனவான் அப்போதுதான் சொன்னார்: “நான் தந்தையாரைவிட நாலு அங்குலம் குட்டை. இந்தத் துவக்கு எனக்கு என்றைக்குமே நீளந்தான். நாற்பது ஆண்டுகள் கழுத்தை நீட்டியே சுட்டேன். கழற்றினால் அவரைக் கழற்றியது போலாகுமோ என்று பயம்.”

மகளை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, வெறும் பிடங்கை அவர் தோளில் பொருத்திப் பார்த்தார் கம்மியர். அவருக்காகவே செய்தது போல் அமைந்தது. மெத்தையே வேண்டியதில்லை! துளைகளுக்கு வால்நட் மர ஆப்பு இட்டு, அதன்மேல் வரியைத் தொடரச் செதுக்கலாம். எண்ணெய் ஊறிய மரத்தில் கரைப்பானிற் குழைத்த வெண்சுண்ணப் பொடியைப் பூசி எண்ணெயை உறிஞ்சி எடுக்கலாம். உதைக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு, “குறைந்த சன்னமுள்ள தோட்டாவைப் பாவியுங்கள், 21 கிராம், 24 கிராம் போதும். நீண்ட நேரம் சுடும் நாளில் தோலுறை மெத்தை ஒன்றைப் பிடங்கில் மாட்டிக்கொள்ளுங்கள். அதற்கு ஆணியும் வேண்டாம், வாளும் வேண்டாம்,” என்றார்.

“பழைய மெத்தை?” என்று கேட்டார் தந்தையார்.

“அமிலம் சேராத தாளில் சுற்றி, இருளும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் வையுங்கள். எண்ணெயும் செம்பும் அருகில் வேண்டாம். எந்தத் துவக்கில், எந்த ஆண்டில், எவருக்காகப் பூட்டியது என்று ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள். அது இன்னும் சில காலம் இருக்கும். சீட்டு அதைவிட நீண்ட காலம் இருக்கும்.”

அங்கேயே ஒரு சீட்டு வாங்கிக் கனவான் எழுதினார். கை நடுங்கியது, ஆயினும் எழுத்துத் தெளிவாக இருந்தது. தந்தையின் பெயரை எழுதி முடித்தபின், மேசையில் உதிர்ந்திருந்த செந்துகளில் ஒரு சிட்டிகையைத் தாளில் மடித்து என்னிடம் நீட்டினார். “உங்கள் நாட்டுக்கு இதைச் சொந்தக்காரனாகத் திருப்பித் தரவில்லை, நன்றிக்காகத் தருகிறேன்,” என்றார்.

ஹெனரத்கொடையில்

கொழும்புக்கு வந்த இரண்டாம் வாரம் கம்பஹாவுக்குப் போனேன். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர். ரயிலில் ஒரு மணி நேரப் பயணம். ஹெனரத்கொடைத் தாவரவியற் பூங்காவில் பழைய றப்பர் மரங்கள் நிற்கும் பக்கத்தில் அன்று கூட்டமில்லை. பள்ளிப் பிள்ளைகள் சிலர் றப்பர் விதைகளைப் பொறுக்கிக் கல்லில் உரைத்து, ஒருவர் கையில் மற்றவர் சூடு வைத்து விளையாடிக்கொண்டிருந்தனர்.

ஒரு பெருமரத்தின் அடிப்பட்டையைத் தடவிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் கத்தி ஆழ்ந்து பட்ட இடங்கள் முடிச்சு முடிச்சாய்க் கையில் உரைத்தன. மறுபக்கத்தில் பட்டை ஒப்புரவாக வளர்ந்து மூடியிருந்தது. கேகாலைத் தாயாரின் சொல்லும் பேர்மிங்ஹாம் கம்மியரின் சொல்லும் ஒன்றாகவே என் காதில் விழுந்தன.

வீட்டிலே மூத்தோர் வைத்துப்போன பொருள் ஒன்று நம் எல்லோரிடமும் இருக்கும்: ஒரு பெட்டகம், ஒரு சாய்மனைக் கதிரை, ஒரு தையற்பொறி. அதிலே தேய்ந்துபோவதற்கென்றே அமைந்த பாகம் ஒன்றும், தேயாத பாகம் ஒன்றும் உண்டு. தேய்வதை மாற்றுவதில் குற்றமில்லை. மாற்றுமுன் பெயரெழுதி வைத்தால் நன்று. மற்றதில் வாளை வைக்குமுன் ஒருமுறை நிற்போமாக.

தாளை விரித்து அந்தச் செந்துகளை மரத்தின் வேரடியில் இட்டேன். மழை வரும்போல் இருந்தது. ரயில் நிலையத்துக்கு நடந்தேன்.